பேசி முடித்த வீடு கைமாறிப் போனால்

 

வீடு விற்கிறவரும் வாங்குகிறவரும் உட்கார்ந்து விலை பேசுகிறார்கள். இரு தரப்புப் பெரியவர்களும் கூட இருக்கிறார்கள். "சரி, உங்களுக்கே தருகிறோம்" என்று வார்த்தை சொல்லியாகிறது, அச்சாரமும் கைமாறுகிறது. பத்திரம் பதிவதற்குள் வேறொருவர் வந்து சில லட்சம் கூட்டிச் சொல்ல, வீடு அவருக்குப் போய்விடுகிறது. புதுச்சேரி நகரின் தென்பகுதியில், காஜியார் வீதி, முல்லா வீதி பக்கங்களில் வாழும் நம் மக்களிடமிருந்து இப்படிப்பட்ட செய்தி நம் காதுக்கு அடிக்கடி வருகிறது. திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக்கும் நோக்கத்தோடு வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். பிரான்சில் இருக்கும் உறவினர் யூரோவில் கணக்குப் போட்டுக் கேட்கிறார். வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போகலாமென்று நகையை விற்றுக் காத்திருந்த குடும்பம் நடுவில் நிற்கிறது.

அந்தக் குடும்பத்திடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சபூர் செய்யுங்கள், உங்கள் நசீபில் இல்லை." இது உண்மையான வார்த்தைதான். ஆனால் இது பாதி வார்த்தை. இந்தச் சம்பவத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். வீட்டை இழந்தவர் ஒருவர், வார்த்தை மாறியவர் ஒருவர், விலையைக் கூட்டி வாங்கியவர் ஒருவர். நாம் இழந்தவருக்கு மட்டும் பொறுமையை உபதேசித்துவிட்டு, மற்ற இருவருக்கும் "முபாரக்" சொல்லிப் பால் காய்ச்சும் விருந்தில் போய் உட்கார்ந்தால், மார்க்கத்தின் சட்டத்தில் பாதியை மறைத்தவர்கள் ஆவோம்.

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், ஒருவர் தம் சகோதரர் வாங்கியதன் மீது வியாபாரம் செய்யக் கூடாது என்றும், தம் சகோதரர் பெண் பேசியதன் மீது தாம் பெண் கேட்கக் கூடாது என்றும் ஒரே மூச்சில் தடுத்திருக்கிறார்கள். முதலில் பேசியவர் விட்டுக்கொடுத்தால் அல்லது அனுமதி தந்தால் தவிர என்பதும் அந்த ஹதீஸிலேயே உண்டு. ஹஜரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம் பெற்றிருக்கிறது. சகோதரர் பேரம் பேசியதன் மீது பேரம் பேசுவதற்கும் தடை உண்டென ஹஜரத் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பில் வந்திருக்கிறது.

வீட்டையும் பெண் பேசுவதையும் ஏன் சேர்த்துச் சொன்னார்கள் என்று நம் தாய்மார்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் பெண் நிச்சயமாகி, சீனி வழங்கி, தேதியும் குறித்த பிறகு, இன்னொரு பணக்காரர் வந்து "என் மகனுக்குத் தாருங்கள்" என்று கேட்டால் மஹல்லா முழுவதும் அவரை ஏசும். சம்மதித்த பெண் வீட்டாரையும் ஏசும். அதே வேலையை வீட்டு விஷயத்தில் ஒருவர் செய்தால் மட்டும் "கெட்டிக்காரர், நல்ல இடமாகப் பிடித்தார்" என்கிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தார்கள். அவற்றைப் பிரித்தது நாம்தான்.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். விலை முடிவாகும் முன் பலர் கேட்பது குற்றமில்லை. வறுமையோடு வந்த ஓர் அன்ஸாரித் தோழரின் விரிப்பையும் கிண்ணத்தையும் நாயகம் (ஸல்) அவர்களே கையில் எடுத்து, ஒருவர் ஒரு திர்ஹம் என்றபோது, அதைவிடக் கூட்டுபவர் யார் என்று கேட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஏலம் கூடும் என்பதற்கு இமாம்கள் இதை ஆதாரமாக எடுக்கிறார்கள். பெண் பேசும் விஷயத்திலும் இப்படித்தான். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை இருவர் பெண் கேட்டிருந்த நிலையில், அவர் இன்னும் யாருக்கும் சம்மதம் சொல்லாதிருந்ததால், உஸாமா (ரலி) அவர்களை மணந்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் யோசனை சொன்னார்கள். ஆகவே கோடு விழுகிற இடம் சம்மதம். "தருகிறோம்" என்ற சொல்லும் விலையும் உறுதியான பிறகு உள்ளே நுழைவதுதான் ஹராம். ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தரகர் ஒருவர் "இன்னும் யோசிக்கிறார்கள்" என்று சொன்ன நிலையில் நீங்கள் விலை சொன்னால் உங்கள் மீது பாவமில்லை. அச்சாரம் வாங்கியாகிவிட்டது என்று தெரிந்தும் "அவர் தந்ததைத் திருப்பிக் கொடுங்கள், நான் மேலே தருகிறேன்" என்பீர்களானால், தடுக்கப்பட்ட வேலையைத்தான் செய்கிறீர்கள்.

"சகோதரர் என்றுதானே வந்திருக்கிறது, முதலில் பேசியவர் முஸ்லிம் அல்லவே" என்று வாதம் பேசுகிறவர்களும் உண்டு. அவ்ஸாஈ (ரஹ்) போன்ற சிலர் அப்படிக் கருதியது உண்மை. ஆனால் பெரும்பான்மை இமாம்கள், நம் ஆட்சியில் நம்மோடு உடன்படிக்கை கொண்டு வாழ்ந்த பிற சமயத்தவர் விஷயத்திலும் இந்தத் தடை உண்டென்றே சொன்னார்கள். எல்லாச் சமயத்தாரும் கலந்து வாழும் நம் ஊரில், வார்த்தை தவறுகிறவன் முஸ்லிம் என்ற பெயர் வருவது சாதாரணமான இழப்பா?

இனி வார்த்தை மாறியவரைப் பற்றிப் பார்ப்போம். உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயம் ஆரம்பமாகிறது. வாக்களித்தால் மாறு செய்வதை நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். இது பொதுச் சட்டம். வீட்டு விஷயத்தில் இதைவிடக் கடுமையான ஒரு நிலையும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. "தருகிறேன்" என்பது வாக்குறுதி. "விற்றேன்" என்று ஒருவரும் "வாங்கிக்கொண்டேன்" என்று மற்றவரும் விலை குறித்துச் சொல்லிப் பிரிந்துவிட்டால், ஷரீஅத்தின்படி அது வாக்குறுதி அல்ல, வியாபாரமே முடிந்துவிட்டது. அப்புறம் அந்த வீட்டை இன்னொருவருக்கு விற்கிறவர், பிறர் பொருளை விற்கிறவர் ஆகிறார். நாவில் எந்தச் சொல் வந்தது என்பதை விற்றவர் தனியே உட்கார்ந்து நினைத்துப் பார்க்கட்டும். பத்திரம் இன்னும் தன் பெயரில்தானே இருக்கிறது என்ற தைரியம் பதிவு அலுவலகத்தோடு முடிந்துவிடும்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. 1954 வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி நடந்தது. 1804ல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தில், பொருளிலும் விலையிலும் இருவரும் ஒத்துப்போனால் பணமும் பொருளும் கைமாறாவிட்டாலும் விற்பனை முடிந்தது என்றும், விற்பதாகச் செய்த வாக்குறுதியே விற்பனைக்குச் சமம் என்றும் உண்டு. அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் அதை இழப்பார், வாங்கியவர் பின்வாங்கினால் இருமடங்காகத் திருப்புவார் என்றும் அது சொன்னது. இந்தியச் சட்டத்தின் அமைப்பு வேறு. 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி கிரய ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் தராது, பதிவான பத்திரம் வேண்டும். ஆனாலும் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி நீதிமன்றத்தில் கேட்க 1963ஆம் வருடச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்குக் காலக்கெடு மூன்று வருடம். முந்திய ஒப்பந்தம் இருப்பதை அறியாமல் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியவரை அந்தச் சட்டம் காப்பாற்றுகிறது; அறிந்தே வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் உள்ள இந்த வித்தியாசம் நம் பிக்ஹிலும் இருப்பதை மேலே கண்டோம்.

விலை கூடக் கிடைத்தும் விட்டுக்கொடுத்தவர் ஒருவருடைய வரலாறு ஸஹீஹுல் புகாரீயில் இருக்கிறது. அதுவும் வீடு விற்ற வரலாறுதான். நாயகம் (ஸல்) அவர்கள் விடுதலை செய்த அடிமையான அபூராபிஃ (ரலி) அவர்களுக்கு, ஹஜரத் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்துக்குள் இரண்டு வீடுகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஅத் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டார்கள். முதலில் ஸஅத் (ரலி) அவர்கள் மறுத்தார்கள். உடன் இருந்த மிஸ்வர் (ரலி) அவர்கள் வற்புறுத்தவே, 4,000 திர்ஹத்துக்கு மேல் தரமாட்டேன், அதையும் தவணையாகத்தான் தருவேன் என்றார்கள். அபூராபிஃ (ரலி) அவர்களுக்கு வேறிடத்தில் 500 தீனார் தர ஆள் இருந்தது. ஒரு தீனாருக்குப் பத்து திர்ஹம் என்று வைத்தாலும் அது 5,000 ஆகிறது. அதுவும் தவணையில்லாத தொகை. அப்படியிருந்தும், அண்டை வீட்டுக்காரருக்கே அதிக உரிமை என்று நாயகம் (ஸல்) சொன்னதைக் கேட்டிராவிட்டால் இந்த விலைக்குத் தந்திருக்க மாட்டேன் என்று சொல்லி, ஸஅத் (ரலி) அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள்.

இங்கே முன்கூட்டி வார்த்தை கொடுத்திருக்கவில்லை என்பதையும் நாம் சொல்லிவிட வேண்டும். அண்டை வீட்டாரின் உரிமைக்காகவே அவ்வளவு பணத்தை விட்டார்கள். ஹனபி மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் 'ஷுப்ஆ' எனும் முன்னுரிமை உண்டு, ஷாபிஈ மத்ஹபில் கூட்டுச் சொந்தக்காரருக்கு மட்டும்தான். அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கையில் வரவிருந்த ரொக்கத்தைவிட நாயகத்தின் ஒரு சொல் அந்த ஸஹாபிக்குப் பெரிதாகத் தெரிந்தது. வாயால் வார்த்தையும் கொடுத்து, கையால் அச்சாரமும் வாங்கிய நமக்கு எட்டு லட்சம் கூடுதலாகத் தெரிந்தவுடன் எல்லாம் மறந்துபோகிறது.

விற்றவர் பக்கத்து நியாயம் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. நம் பகுதியின் பழைய வீடுகள் பெரும்பாலும் வாரிசுச் சொத்து. மூத்த அண்ணன் விலை பேசி அச்சாரமும் வாங்கிவிடுவார். காரைக்காலில் கட்டிக்கொடுத்த தங்கையையோ பாரிசில் இருக்கும் தம்பியையோ கேட்டிருக்க மாட்டார். அந்தத் தங்கை மறுத்தால் அவள் வார்த்தை மாறியவள் ஆகமாட்டாள். அவள் வார்த்தையே கொடுக்கவில்லை. அவளுடைய பங்கை அவள் அனுமதியின்றி விற்க அண்ணனுக்கு அதிகாரமும் இல்லை. எனவே வீட்டை இழந்தவர் வருத்தப்படும் முன், வார்த்தை சொன்னவருக்கு அந்த உரிமை இருந்ததா என்று விசாரிக்க வேண்டும். விலை பேசும் முன்பே இதை விசாரிப்பது இன்னும் நல்லது. திருமறையின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி ஏற்படுத்துவதையும் பற்றியது. ஆயிரத்தொரு ரூபாயை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு எழுத்தில் ஒரு வரியும் இல்லாமல் எழுந்து வருவதை நாம் நம்பிக்கை என்கிறோம். அல்லாஹு தஆலா அப்படிச் சொல்லவில்லை.

வீட்டை இழந்த குடும்பத்தாரே, இனி உங்களிடம் பேசுகிறோம். உங்கள் வருத்தத்தை உலக ஆசை என்று யாராவது குறைவாகப் பேசினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். விசாலமான வீட்டை மனிதனின் பாக்கியங்களில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனைவி, நல்ல அண்டை வீட்டார், நல்ல வாகனம் ஆகியவற்றோடு அது எண்ணப்பட்டிருக்கிறது. ஒரு முள் தைத்தாலும் அதற்காகப் பாவம் மன்னிக்கப்படும் என்றிருக்கையில், பல வருடச் சேமிப்போடு கட்டிய நினைப்பு கலைந்ததற்குக் கூலி இல்லாமல் போகுமா?

முதல் சில நாட்களில் வீட்டுக்குள் ஒரு பேச்சு ஆரம்பமாகும். "அன்றைக்கே முழுப் பணத்தையும் கொடுத்திருந்தால்", "உங்கள் தம்பி பேச்சைக் கேட்காமல் இருந்திருந்தால்" என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குத்திக்கொள்வார்கள். வீடு போனதோடு வீட்டின் நிம்மதியும் போய்விடும். இந்த "இருந்தால்" என்ற சொல்லைத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் ஷைத்தானின் வேலைக்குக் கதவு திறப்பது என்று எச்சரித்து, அல்லாஹ் விதித்தான், அவன் நாடியதைச் செய்தான் என்று சொல்லும்படி கற்றுத் தந்தார்கள். அடுத்த முறை எழுதி வாங்க வேண்டும் என்று பாடம் படிப்பது இந்தத் தடையில் சேராது. நடந்து முடிந்ததற்காகப் பிடித்து உலுக்குவதுதான் தடுக்கப்பட்டது.

இரண்டாவது ஆபத்து இதைவிடப் பெரியது. "இன்னும் ஐந்து லட்சம் போட்டால் உங்களுக்கே" என்று தரகர் திரும்பவும் வருவார். கையில் பணமிருக்காது. ஆத்திரத்தில் வட்டிக்கு வாங்கியாவது மடக்கிவிடத் தோன்றும். அநீதி இழைக்கப்பட்டவர் தம் கையாலேயே வட்டியின் பாவத்தில் விழுவதைவிடக் கைசேதம் வேறில்லை. மூன்றாவது, அந்த வீட்டில் வில்லங்கம் இருக்கிறது, ஜின் இருக்கிறது என்று புரளி கிளப்புவது. இதுவும் நடக்கிறது. அநீதி செய்யப்பட்டவர் தமக்கு நேர்ந்ததை உரியவர்களிடம் எடுத்துச் சொல்ல அன்னிஸா அத்தியாயத்தில் அனுமதி உண்டு. பள்ளிவாசல் ஜமாஅத்தில் முறையிடலாம், வக்கீலைப் பார்க்கலாம். அது சபூருக்கு விரோதமல்ல. பொய் பரப்ப மட்டும் அனுமதியில்லை.

"இஸ்திகாரா தொழுதுவிட்டுத்தானே அச்சாரம் கொடுத்தோம், பிறகு ஏன் இப்படி?" என்று பலர் கேட்கிறார்கள். அந்தத் துஆவில் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இது எனக்குக் கெடுதி என்றால் இதை என்னை விட்டும் என்னை இதை விட்டும் திருப்பிவிடு, நன்மை எங்கிருந்தாலும் எனக்கு விதி, அதைக் கொண்டு என்னைத் திருப்தியாக்கு என்றுதானே கேட்டீர்கள்? திருப்பப்பட்டதுதான் பதிலாக இருக்கக்கூடும். நாம் வெறுக்கும் ஒன்றில் நன்மை இருக்கலாம், விரும்பும் ஒன்றில் தீமை இருக்கலாம், அல்லாஹ் அறிவான், நாம் அறியமாட்டோம் என்பது திருமறையின் செய்தி. அல்ஹதீத் அத்தியாயத்தின் 22, 23ஆம் வசனங்களும் இதே மருந்தைத் தருகின்றன. எந்தத் துன்பமும் நிகழுமுன்பே ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. தவறிப்போனதற்காக நீங்கள் கவலையில் மூழ்காமலும், கிடைத்ததைக் கொண்டு மமதை கொள்ளாமலும் இருப்பதற்காகவே இது அறிவிக்கப்பட்டது. இந்த வசனத்தில் இழந்தவருக்கும் பங்கு இருக்கிறது, தட்டிப் பறித்து மகிழ்கிறவருக்கும் பங்கு இருக்கிறது.

"எல்லாம் விதிப்படி நடந்தது, அப்படியானால் விற்றவர் மேல் என்ன குற்றம்?" என்று விற்றவரின் வீட்டார் கேட்கக் கூடும். யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். சகோதரர்கள் கிணற்றில் போட்டார்கள். அந்தக் கிணற்றின் வழியாகத்தான் மிஸ்ரின் களஞ்சியங்கள் அவர்கள் கைக்கு வந்தன. அப்படியானால் எங்களால்தான் உனக்கு இந்தப் பதவி என்று அந்தச் சகோதரர்கள் பெருமை பேசவில்லை. தங்களைப் பாவிகள் என்று ஒப்புக்கொண்டு, தகப்பனாரிடம் பாவமன்னிப்புத் தேடித் தரும்படி வேண்டினார்கள். உங்களால் வெளியேற்றப்பட்ட குடும்பத்துக்கு நாளை அல்லாஹ் இதைவிட நல்ல வீட்டைக் கொடுக்கலாம். அது அவனுடைய தயவு. உங்கள் கணக்கு தனியாக நிற்கும்.

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கணவரை இழந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருந்த துஆவை ஓதினார்கள். இன்னா லில்லாஹி சொல்லி, என் துன்பத்தில் எனக்குக் கூலி தா, இதற்குப் பகரமாக இதைவிடச் சிறந்ததைத் தா என்று கேட்கும் துஆ அது. அபூஸலமாவைவிடச் சிறந்தவர் யார் இருக்க முடியும் என்று அவர்களுக்கே தோன்றியது. அப்படித் தோன்றிய நிலையிலும் ஓதினார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அல்லாஹ் நாயகம் (ஸல்) அவர்களையே அவர்களுக்குக் கணவராக்கினான். உயிர் போனதும் வீடு போனதும் ஒன்றல்லதான். ஆனால் துஆவுக்குச் சிறிது பெரிது என்ற அளவில்லை. இதைவிட நல்ல வீடு இந்த ஊரில் எங்கே கிடைக்கப் போகிறது என்று மனம் சொன்னாலும் ஓதுங்கள்.

அச்சாரப் பணம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். வாங்குகிறவர் பின்வாங்கினால் அச்சாரத்தை விற்கிறவர் விழுங்குவது ஷாபிஈ, ஹனபி, மாலிகி மத்ஹபுகளில் கூடாது. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் மட்டும் அனுமதித்தார்கள். விற்கிறவரே பின்வாங்கிய இடத்தில் இந்த இக்திலாபுக்கு வேலையே இல்லை, முழுத் தொகையும் உடனே திரும்ப வேண்டும். "புதியவர் பணம் தந்ததும் தருகிறேன்" என்று மாதக்கணக்கில் இழுத்தடிப்பது, ஓர் அநீதியின் மேல் இன்னோர் அநீதி. வில்லங்கச் சான்றுக்கும் வக்கீலுக்கும் அவர் செய்த செலவையும் சேர்த்துக் கொடுப்பதே நியாயம் என்பது நம் கருத்து. அதற்கு மேல் இருமடங்கு கேட்பதை நாம் தூண்டமாட்டோம்.

அறிந்தே கூட்டிக் கேட்டு, பத்திரமும் பதிந்துவிட்டவர் ஒருவர் இதைப் படிக்கக் கூடும். பெரும்பான்மை இமாம்களிடம் அந்த வியாபாரம் செல்லும், பாவம் மட்டும் தங்கும். தாவூத் ளாஹிரி அவர்கள் செல்லாது என்றார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமிருந்து இரு விதமாகவும் வந்திருக்கிறது. செல்லும் என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டாலும், முதலில் பேசியவரின் மனக்குறை அவர் பொருத்தம் தராமல் நீங்காது. அவர் அதே மஹல்லாவில்தான் வாடகைக்கு இருக்கிறார், அதே பள்ளியில் உங்களுக்கு இரண்டு ஸப் முன்னாலோ பின்னாலோ நிற்கிறார். புது வீட்டில் பால் காய்ச்சும் அழைப்பை அவருக்கு அனுப்பும் முன், ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு தரகரை விட்டுவிட்டுத் தனியாக அவர் வீட்டுக்குப் போய்ப் பொருத்தம் கேளுங்கள். அவர் கோபமாகப் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள். பேச அவருக்கு உரிமை இருக்கிறது.